கண்காட்சி ப்ராஜெக்ட்: ரெண்டருக்கு முன்னால் தரையில் டேப் ஒட்டுங்கள்

முதல் தடவை ஒரு கண்காட்சியை வடிவமைக்கச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் உடனே லேப்டாப்பைத் திறந்து முப்பரிமாணத்தில் ஒரு கூடத்தைக் கட்டிவிடுவார்கள். வளைந்த சுவர், தொங்கும் விளக்குகள், நடுவில் ஒளிரும் பீடம், அதன் பக்கத்தில் அண்ணாந்து பார்க்கும் ஒரு நிழல் மனிதர். ரெண்டர் என்று சொல்லும் அந்தக் கணினிப் படம் அழகாகத்தான் இருக்கும். அந்த நிழல் மனிதர் எந்த வாசல் வழியாக வந்தார், இங்கே வருவதற்கு முன் எதைப் படித்தார், பின்னால் வரும் நாலு பேருக்கு வழிவிட எந்தப் பக்கம் நகர்வார் என்று ப்ராஜெக்டை மதிப்பிடும் ஜூரியில் கேட்டால்தான் திணறல் தொடங்கும்.

கண்காட்சியை மக்கள் நடந்துகொண்டே பார்க்கிறார்கள். கால் வலிக்கும், கையில் பை இருக்கும், கூட வந்த குழந்தை இழுக்கும். அதனால் முதலில் வடிவமைக்க வேண்டியது அவர்களுடைய நடையை. சுவரும் பீடமும் விளக்கும் அப்புறம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. பேச வசதியாக ஒரு கற்பனை ப்ராஜெக்டை வைத்துக்கொள்வோம்: தலைப்பு ‘பூட்டு’. கூடம் 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நாலு மணி நேரம் திறந்திருக்கும், 300 பேர் வரலாம்.

ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

தலைப்பு மட்டும் இருந்தால் போதாது. ‘பூட்டுகளின் வரலாறு’ என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் கடைசியில் சுவரில் நாற்பது பூட்டுப் படங்கள்தான் மிஞ்சும். ‘பூட்டு பற்றிய விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்றால் நிலைமை இன்னும் மோசம். அதை வைத்து எந்தச் சுவரையும் எங்கேயும் நிறுத்த முடியாது. ஏதாவது ஒன்றை அடித்துச் சொல்லும் வாக்கியம் வேண்டும். உதாரணமாக: பூட்டு திருடனைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது.

இதைச் சொன்னதும் தேடவேண்டிய செய்திகள் தானாகக் கண்ணில் படும். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், உடைக்க முடியாதது என்று பெயரெடுத்திருந்த சப் நிறுவனப் பூட்டை சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். அடுத்து, பல பத்தாண்டுகளாகச் சவாலாகக் கடையில் வைக்கப்பட்டிருந்த பிராமா நிறுவனப் பூட்டை எடுத்துக்கொண்டார். அதற்கு அவருக்கு 51 மணி நேரம் பிடித்தது. இன்றைக்கும் சில இரும்புப் பெட்டகங்களுக்குத் தரச்சான்று கொடுப்பது நிமிடக் கணக்கில்தான்: கருவிகளோடு தாக்கினால் 15 நிமிடம் தாங்குமா, 30 நிமிடம் தாங்குமா என்று.

இப்போது இதை இடமாக மாற்றுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் சப் பூட்டு 25 செ.மீ. நீளமுள்ள கோடு. பிராமா பூட்டு 30 மீட்டர் 60 செ.மீ. நம் கூடத்தின் சுற்றளவு 36 மீட்டர். ஆக, வாசலருகே சுவரில் தொடங்கும் ஒரு சிவப்புக் கோடு ஒரு சாண் தாண்டியதும் நின்றுவிடும். அதன் கீழேயே தொடங்கும் இன்னொரு கோடு கிட்டத்தட்ட கூடத்தையே சுற்றி வரும். பார்வையாளர் அதைத் தொடர்ந்து நடப்பார். தாமதம் என்றால் என்ன என்பதை அவருடைய காலே சொல்லிவிடும். மற்ற பொருள்களை அந்தக் கோட்டின் மேலும் கீழும் தொங்கவிடலாம்.

இப்படிப் பெரிய முடிவு ஒன்று கிடைத்தால் போதும். 2003இல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில், டர்பைன் ஹால் என்ற பெரிய கூடத்தில் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் வைத்தது அரைவட்டமாக ஒரு மஞ்சள் வெளிச்சம், கூரை முழுக்கக் கண்ணாடி, கொஞ்சம் செயற்கை மூடுபனி. அரைவட்டம் கண்ணாடியில் பிரதிபலித்து முழுச் சூரியனாகத் தெரிந்தது. யாரும் சொல்லாமலே மக்கள் தரையில் மல்லாந்து படுத்து, கூரையில் தங்களைத் தேடினார்கள். மாணவர் ப்ராஜெக்டுகளில் நான் அதிகம் பார்ப்பது இதற்கு நேர் எதிர்: ஏழு ஐடியாக்கள், ஏழும் அரைகுறை.

போய் மற்றவர்களைப் பாருங்கள்

ஏதாவது ஒரு அருங்காட்சியகத்துக்கோ கண்காட்சிக்கோ போங்கள். பொருள்களைப் பார்க்க வேண்டாம், ஆட்களைப் பாருங்கள். கூடத்தின் தோராயமான வரைபடம் ஒன்றும் பென்சிலும் போதும். உள்ளே வரும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தூரத்தில் நின்றபடியே அவர் போகும் வழியைக் கோடாக வரையுங்கள். நின்ற இடத்தில் புள்ளி, பக்கத்தில் எத்தனை விநாடி. திரும்பி வந்தால் அம்புக்குறி. ஒட்டி நடந்து சங்கடப்படுத்தாதீர்கள், முகத்தைப் படம் எடுக்காதீர்கள், யாராவது கேட்டால் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இருபது பேருக்கு வரைந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் யாருமே போகாத மூலைகள் பளிச்சென்று தெரியும்.

இது பழைய முறை. 1930களில் ஆர்தர் மெல்டன் என்ற உளவியலாளர் அமெரிக்க அருங்காட்சியகங்களில் இப்படிக் கவனித்து, உள்ளே நுழைபவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கமே திரும்புகிறார்கள் என்று கண்டார். திறந்த வெளிவாசல் கண்ணில் பட்டதுமே மீதியைப் பார்க்காமல் வெளியேறுகிறார்கள் என்பதும் அவர் கண்டதுதான். வலப்பக்க விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், இடப்பக்கம் பளிச்சென்று ஒன்றை வைத்தால் ஆட்கள் அங்கே போவார்கள். ஆனால் வெளிவாசல் விஷயத்தை மறக்காதீர்கள். வெளியே போகும் வழி தொலைவிலிருந்தே தெரிய வேண்டும், அது பாதுகாப்பு. அதே சமயம் முக்கியமான பொருளை அந்த வாசலுக்குப் பக்கத்தில் வைத்தால் அது கவனிக்கப்படாமல் போகும்.

அதற்கும் முன்னால், 1916இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் ஒரு காரியம் செய்தார். ஒருவரை அருங்காட்சியகத்துக்குள் அனுப்பி, பொருள்களைப் பற்றி எளிய கேள்விகளைக் கொடுத்து, பதிலைத் தேடும்போது அவர் உடம்பு என்ன பாடு படுகிறது என்று புகைப்படம் எடுத்தார். குனிகிறார், மண்டியிடுகிறார், எட்டிப் பார்க்கிறார். ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்று இன்றைக்கும் நாம் பேசுவது அங்கிருந்து வந்தது. உங்கள் ப்ராஜெக்டில் ஒரு லேபிளைப் படிக்க எத்தனை பேர் குனிய வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இடத்தை அளப்பது

யாரோ கொடுத்த வரைபடத்தை நம்பாதீர்கள். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேராகப் போய் அளங்கள். நீளம் அகலம் எல்லோரும் அளப்பார்கள். விட்டுப்போவது இவைதான்: கதவின் அகலமும் உயரமும் (உங்கள் பீடம் அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்), படிக்கட்டுத் திருப்பம், கூரையில் மிகத் தாழ்ந்த உத்தரம் எங்கே, ஒவ்வொரு ப்ளக் பாயிண்டும் தரையிலிருந்து எவ்வளவு உயரம், தீயணைப்புக் கருவி மாட்டியிருக்கும் இடம், தரை மட்டமாக இருக்கிறதா என்பது. ஜன்னல் இருந்தால் காலையிலும் மாலையிலும் போய் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பாருங்கள். மாலை வெயில் விழும் சுவரில் புரொஜெக்டர் படம் தெரியாது. சுவரில் ஆணி அடிக்கலாமா, சாவி யாரிடம் இருக்கும், ராத்திரியில் வேலை செய்ய விடுவார்களா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

எதைப் போடுவது, எதை விடுவது

கிடைத்த ஒவ்வொரு செய்திக்கும் ஒரு துண்டுச் சீட்டு. ஹாப்ஸ் கதை ஒன்று, பழைய மரப்பூட்டு ஒன்று, சாவித்துளை வழியாகப் பார்ப்பது ஒன்று. சீட்டின் மூலையில் அது எந்த வடிவில் வர வேண்டும் என்று எழுதுங்கள்: பொருளா, படமா, எழுத்தா, ஒலியா, கையால் செய்து பார்ப்பதா. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, அந்த ஒரு வாக்கியத்தை உரக்கப் படித்து, அதற்கு உதவாத சீட்டுகளை எடுத்துவிடுங்கள். கஷ்டப்பட்டுத் தேடியதைத் தூக்கிப்போட மனசு வராது. பாதி போனாலும் பரவாயில்லை. மிச்சத்தில் எழுத்துச் சீட்டுகளே அதிகம் என்றால் நீங்கள் செய்துகொண்டிருப்பது புத்தகம்.

தரையில் டேப்

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான தவறுகள் செலவில்லாமல் பிடிபடும். மைதானமோ வராந்தாவோ வண்டி நிறுத்துமிடமோ, 10க்கு 8 மீட்டர் கிடைக்கும் ஏதாவது ஓர் இடத்தில் கூடத்தை முழு அளவில் மாஸ்கிங் டேப்பால் வரையுங்கள். அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால் சிக்கலான பகுதியை மட்டும். பீடத்துக்குப் பதில் நாற்காலி, சுவருக்குப் பதில் பிரித்த அட்டைப்பெட்டி அல்லது கயிற்றில் தொங்கும் துணி. அப்புறம் ப்ராஜெக்டைப் பற்றி எதுவும் தெரியாத நண்பர்களை முதுகுப்பையோடு நடக்கவிடுங்கள். நீங்கள் வாயே திறக்கக் கூடாது. எங்கே தயங்குகிறார்கள், எங்கே இருவர் முட்டிக்கொள்கிறார்கள், எதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள்.

சக்கர நாற்காலி போக 90 செ.மீ. அகலம் குறைந்தபட்சம். அது திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும். எதிரெதிரே இரண்டு நாற்காலிகள் கடக்க 180. ஆள் நின்று பார்க்கும் பொருள் என்றால் நிற்பவருக்குப் பின்னால் அந்த 90 செ.மீ.யாவது மிஞ்ச வேண்டும். மாணவர்கள் பாதையை அளக்கிறார்கள், நிற்பவரை மறந்துவிடுகிறார்கள். சரிவுப்பாதை போட்டால் 1 மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம் என்ற சாய்வைத் தாண்டாதீர்கள்.

கூடவே ஒரு சின்னக் கணக்கு. 240 நிமிடத்தில் 300 பேர் என்றால் நிமிடத்துக்கு 1.25 பேர். ஒருவர் சராசரி 12 நிமிடம் இருந்தால் எந்த நேரத்திலும் உள்ளே 15 பேர். ஆனால் கூட்டம் சீராக வராது, உச்ச நேரத்தில் இரட்டிப்பு என்று வையுங்கள்: 30 பேர். 80 சதுர மீட்டரில் பீடமும் தடுப்பும் போக ஒரு 50 மிஞ்சினால், ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர்கூட இல்லை. நெரிசல்தான். தடுப்புகளைக் குறைக்க வேண்டும், அல்லது வாசலில் நிறுத்தி அனுப்ப வேண்டும்.

கையால் செய்து பார்க்கும் பகுதிக்கு இதே கணக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். பூட்டின் உள்ளே தெரியும்படி ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டால் ஒரு பெரிய மாடல் செய்து, கம்பியால் திறந்து பாருங்கள் என்று வைக்கிறீர்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம். மணிக்கு 30 பேர், நாலு மணி நேரத்தில் 120. மீதி 180 பேர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். பெரிதாக ஒன்றுக்குப் பதில் சின்னதாக நாலு செய்வது புத்திசாலித்தனம். ஒன்று உடைந்தாலும் மூன்று ஓடும். அப்புறம், உடையும், அதில் சந்தேகமே வேண்டாம்.

அட்டை மாடல்

டேப் சோதனையில் தேறியதை 1:20 அளவில் அட்டையில் செய்யுங்கள். நம் கூடம் 50க்கு 40 செ.மீ. ஆகிவிடும், மேசையில் வைக்கலாம். மேலிருந்து பார்த்து ரசிப்பதற்கு அல்ல இது. கண்மட்டம் 150 செ.மீ. என்றால் மாடலில் 7.5 செ.மீ. போனின் கேமரா அந்த உயரத்தில் இருக்கும்படி உள்ளே நுழைத்து, வாசலிலிருந்து மெதுவாக நகர்த்தி வீடியோ எடுங்கள். கூரையை மூடி, டார்ச்சை ஓட்டை வழியாக அடித்தால் வெளிச்சமும் ஓரளவு பிடிபடும்.

வீடியோவில் பார்க்க வேண்டியது: வாசலில் நின்றவுடனே எல்லாம் தெரிந்துவிடுகிறதா? தெரிந்துவிட்டால் உள்ளே போக என்ன காரணம்? பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரிலுள்ள மாஸ்ப் அருங்காட்சியகத்தில் 1968இல் லீனா போ பார்தி என்ற கட்டடக் கலைஞர் ஓவியங்களைச் சுவரிலிருந்து எடுத்து, கான்கிரீட் கட்டைகளில் நிறுத்திய கண்ணாடிப் பலகைகளில் மாட்டினார். எல்லா ஓவியங்களும் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் யார் வரைந்தது என்ற விவரம் பின்பக்கம். அதைத் தெரிந்துகொள்ளச் சுற்றிப் போயாக வேண்டும். ஜெர்மனியின் ஹனோவரில் 1920களின் கடைசியில் எல் லிசிட்ஸ்கி என்ற ரஷ்யக் கலைஞர் அமைத்த அறையில் சுவர் முழுக்க மெல்லிய செங்குத்துப் பட்டிகள், ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. நடக்க நடக்கச் சுவரின் நிறம் மாறும். இரண்டிலும் சென்சாரோ திரையோ கிடையாது. பெரும்பாலும் நடையை நம்பிச் செய்தவை. சென்சார் வாங்கலாமா என்று யோசிப்பதற்கு முன் இந்த இரண்டின் படங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உயரம், எழுத்து, வெளிச்சம், ஒலி

சுவரில் மாட்டும் படங்களின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. வரை இருக்கட்டும். மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ ஒரே நேராக வைப்பதைவிட நடுவை ஒரே நேராக வைத்தால் கண்ணுக்கு நிம்மதி. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் ஏறக்குறைய 110 – 120 செ.மீ. பீடத்தின் மேல் படுக்கையாக வைக்கும் பொருள் அவருக்கும் தெரிய வேண்டுமானால் பீடத்தின் உயரம் 80 செ.மீ. அளவில் இருந்தால் நல்லது. லேபிளைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

ஒரு லேபிளுக்கு 60 சொல்லுக்கு மேல் வேண்டாம். முதல் வரியே, பார்வையாளர் கண்முன் இருக்கும் பொருளைக் காட்ட வேண்டும். ‘பூட்டு மனித நாகரிகத்தின் முக்கியக் கண்டுபிடிப்பு’ என்று தொடங்கும் லேபிளை யாரும் இரண்டாம் வரிவரை படிப்பதில்லை. ‘இடப்பக்கக் கீறலைப் பாருங்கள்’ என்றால் பார்ப்பார்கள். சுவர்ப் பேனலில் எழுத்தளவு 24 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். திரையில் பார்த்து முடிவெடுக்காமல், அச்சிட்டு, சுவரில் ஒட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து வடிவமைப்பாளருக்கு மட்டுமே பிடிக்கும்.

ஸ்பாட் லைட்டைச் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்வில் அடிப்பது பழகிய முறை. விளக்கு 3 மீட்டர் உயரத்தில், படத்தின் நடு 150 செ.மீ.யில் என்றால், விளக்கு சுவரிலிருந்து சுமார் 87 செ.மீ. தள்ளி வரும். அதைவிட நெருங்கினால் சட்டத்தின் நிழல் படத்தில் விழும், தள்ளினால் பார்ப்பவரின் நிழல் விழும். பழைய காகிதமும் துணியும் வைத்தால் வெளிச்சத்தை 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) வையுங்கள், ஒளியால் ஏற்படும் சேதத்தைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. வெளியே வெயிலிலிருந்து வருகிறவருக்கு அந்த 50 லக்ஸ் இருட்டாகத் தெரியும். அதனால் நடுவே மங்கலான ஒரு நுழைவுப் பகுதி வையுங்கள், கண் பழகட்டும்.

புரொஜெக்டர் என்றால் ‘த்ரோ ரேஷியோ’ எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அது 1.5 என்றால் 2 மீட்டர் அகலப் படத்துக்குக் கருவி 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்த 3 மீட்டருக்குள் யாராவது நடந்தால் நிழல். வீடியோவை யாரும் முதலிலிருந்து பார்க்க மாட்டார்கள், நடுவில்தான் வந்து சேர்வார்கள், ஆகவே எங்கே தொடங்கினாலும் புரிகிற மாதிரி இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஒலிக்குச் சுவர் கிடையாது. திறந்த ஸ்பீக்கர் ஒன்றுக்கு மேல் வைத்தால் இரண்டும் கேட்காது.

செய்வதும் நிறுத்துவதும்

ப்ளைவுட் பெரும்பாலும் எட்டுக்கு நாலு அடிப் பலகையாக வரும், அதாவது 2440க்கு 1220 மி.மீ. தடுப்பை 240 செ.மீ. உயரத்தில் வரைந்தால் ஒரே பலகையில் முடியும். 250 என்று வரைந்தால் ஒட்டுப்போட வேண்டும், ஒட்டு தெரியும், பலகையும் வீண். தனியாக நிற்கும் தடுப்பை நேர்க்கோட்டில் நிறுத்தாதீர்கள், யாராவது சாய்ந்தால் விழும். எல் வடிவிலோ வளைந்து வளைந்தோ நிறுத்தினால் தானே நிற்கும், அடியில் மணல்மூட்டை வைத்தால் இன்னும் நல்லது. நடைபாதையில் வயர் ஓடக் கூடாது. அவசர வாசலை எந்தக் காரணத்துக்காகவும் மறைக்கக் கூடாது, துணியால்கூட.

நிறுவும் வரிசை இது: தடுப்புகள், மின் இணைப்பு, பெயின்ட், எழுத்தும் படமும், கடைசியில் பொருள்கள். விளக்கைத் திருப்பி நிறுத்துவது எல்லாவற்றுக்கும் பிறகு. அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள், ஏனென்றால் முன்னால் நடந்த எல்லாத் தாமதமும் அந்த நேரத்தைத்தான் தின்னும். திறப்பதற்கு முந்தின நாள் எழுத்துப்பிழை பார்க்க, இதுவரை எதையும் படிக்காத ஒருவரைக் கூட்டி வாருங்கள்.

திறந்த பிறகு

முதல் ஒரு மணி நேரம் வாசலில் நின்று வாழ்த்து வாங்காமல் உள்ளே ஓரமாக நில்லுங்கள். முன்பு மற்றவர்களின் கண்காட்சியில் வரைந்த மாதிரி இப்போது உங்களுடையதில் பாதைக்கோடு வரையுங்கள். அந்த 30 மீட்டர் கோட்டைக் கடைசிவரை தொடர்ந்தவர்கள் எத்தனை பேர்? எந்த இடத்தில் விட்டார்கள்? விட்ட இடத்தில் விளக்கைக் கூட்டலாம், ஒரு லேபிளை நகர்த்தலாம். அன்றைக்கே மாற்ற முடியும் என்பது இந்தத் தொழிலின் வசதி.

உங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவுக்கு ஆளில்லாத கூடத்தின் படம் ஒன்றிரண்டு போதும். ஆட்கள் இருக்கும் படங்கள்தான் அளவைக் காட்டும், அனுமதி கேட்டு எடுங்கள், முதுகுப்பக்கமாக எடுத்தாலும் சரி. டேப் ஒட்டிய தரை, ஒதுக்கிய சீட்டுகள், கடைசியாக வரைந்த பாதைக்கோடுகள், மாற்றியதற்கு முன்னும் பின்னும் — இவற்றை ரெண்டருக்கு முந்தின பக்கங்களில் வையுங்கள். பிரித்தெடுக்கும் நாளுக்கும் ஆட்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். நிறுவ வந்த பத்துப் பேரில் அன்றைக்கு வருவது இரண்டு பேர்தான், ஆணி ஓட்டைகளை அடைக்கும் புட்டியும் யாரிடமும் இருக்காது.